கொழுப்புக்குச் சோதனை உண்டு, நோய்க்கு?

மதுராவில் 2019 செப்டம்பர் 11-ஆம் தேதி தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முழுச் செலவும் மத்திய அரசினுடையது. கோமாரி நோய், புருசெல்லோசிஸ் எனப்படும் கன்று வீச்சு நோய் ஆகிய இரண்டையும் 2025-க்குள் கட்டுப்படுத்துவது, 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வகுக்கப்பட்டது. முதல் கெடு வந்துவிட்டது. எத்தனை கோடி ஊசிகள் போடப்பட்டன என்பதே அரசின் அறிக்கைகளில் முன்னால் நிற்கும் கணக்கு. எத்தனை மாட்டுக் கொட்டில்களில் நோய் குறைந்திருக்கிறது என்பதுதான் மக்களுக்குத் தெரிய வேண்டிய கணக்கு. அதைச் சொல்ல வேண்டிய சாட்சி பால். அந்தச் சாட்சியை விசாரிப்பதில் நாடு காட்டும் தயக்கத்துக்குக் காரணம் அறிவியலில் இல்லை, அரசியலில் இருக்கிறது.

இரு நோய்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்தது நிர்வாக வசதிக்காக இருக்கலாம். ஆனால், அவற்றின் குணம் வேறு. கோமாரி கண்ணுக்குத் தெரியும். வாயில் புண், காலில் புண், எச்சில் ஒழுகல் என்று ஊரே அறிந்துவிடும். கன்று வீச்சு நோய் அப்படியல்ல. சினைப்பசு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை கன்றை வீசும். பல நேரங்களில் நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்ல கன்றையே ஈனும். மாட்டுக்காரர் அதை ஒரு கெட்ட காலம் என்று மறந்துவிடுவார். கிருமியோ மாட்டின் மடியிலும் நிணநீர்ச் சுரப்பிகளிலும் தங்கிவிடுகிறது. பார்வைக்குக் கொழுகொழுவென்று நிற்கும் அந்தப் பசு, ஆண்டுக்கணக்கில் பால் வழியாகவும் ஒவ்வொரு ஈற்றின்போதும் நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும். இப்படி ஒளிந்து வாழும் நோயை ஊசிக் கணக்கால் மட்டும் துரத்த முடியாது.

மனிதருக்கு வந்தாலும் அது ஒளிந்தே வருகிறது. ஏறி இறங்கும் காய்ச்சல், இரவில் உடல் நனையும் வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம். கிராமப்புற மருத்துவமனையில் இதற்கு டைஃபாய்டு என்றோ மலேரியா என்றோ பெயர் வைத்து மருந்து தரப்படும். முதுகெலும்பைத் தாக்கினால் காசநோய் என்று எண்ணுவதும் உண்டு. சரியாகக் கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் மருந்தை ஆறு வாரம், அத்துடன் ரிஃபாம்பிசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தையும் சேர்த்துத் தர வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். உயிரைப் பறிப்பது அரிது. ஆனால், கூலி வேலைக்குப் போகும் ஒருவரை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். எந்தப் பதிவேட்டிலும் சரியான பெயரோடு ஏறாத நோயாளிகள் இவர்கள்.

"நாம்தான் பாலைக் காய்ச்சிக் குடிக்கிறோமே, பிறகென்ன?" என்பது படித்தவர்களிடமிருந்தே வரும் கேள்வி. காய்ச்சினால் கிருமி சாகும் என்பது உண்மை. பாஸ்டரைசேஷன் முறையில் பதப்படுத்தினாலும் சாகும். தாய்மார்களின் இந்தப் பழக்கம்தான் இந்திய நகரங்களை இதுவரை காத்துவருகிறது என்றால் மிகையாகாது. ஆனால், காய்ச்சுவது குடிப்பவரைக் காக்கும், கறப்பவரைக் காக்காது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளி அப்புறப்படுத்தும் பெண், கையை உள்ளே விட்டு நஞ்சுக்கொடியை எடுக்கும் கால்நடை மருத்துவர், உதவியாளர், இறைச்சிக்கூடத் தொழிலாளி ஆகியோரே இந்த நோயின் முதல் இரை. காய்ச்சாத பால் புழங்கும் இடங்களும் இல்லாமல் இல்லை. பூசைக்குரிய பஞ்சாமிர்தத்தில் பச்சைப் பால் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். அண்மைக் காலத்தில் தில்லி, குருகிராம் போன்ற நகரங்களின் வசதியான குடியிருப்புகளில் "பண்ணையிலிருந்து நேராக, பதப்படுத்தாமல்" என்ற விளம்பரத்தோடு கண்ணாடிப் புட்டியில் பால் வருகிறது. ஏழை வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் பாலைவிட இரு மடங்கு விலை கொடுத்து ஆபத்தை வாங்குவது புதிய நாகரிகம் போலும்.

பாலில் இந்த நோயைத் தேடுவது கடினமான வேலை அல்ல. ஜெர்மனியில் 1937-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட பால் வளையச் சோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கொல்லப்பட்ட புருசெல்லா கிருமிகளுக்கு நீலச் சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு மில்லி லிட்டர் பாலில் அதில் ஓரிரு துளி கலந்து, உடல் சூட்டின் அளவான 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். மாட்டுக்கு நோய் இருந்தால் பாலில் எதிர்ப்பொருள் இருக்கும். அது சாயக் கிருமிகளைப் பற்றிக்கொண்டு பாலாடையோடு மேலே எழும். குழாயின் மேற்புறம் நீல வளையம் தோன்றும். கீழே பால் வெளுத்துக் கிடக்கும். நோய் இல்லையென்றால் மேலே ஆடை வெண்மையாகவும் கீழே பால் நீலமாகவும் இருக்கும். இதற்கான சாயக் கிருமிக் கரைசலை இஸத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனமே தயாரிக்கிறது. வெளிநாட்டுக்குக் கையேந்த வேண்டியதில்லை. பல மாடுகளின் பால் கலந்த கேனிலிருந்தும் மாதிரி எடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய சிறப்பு. மாட்டைப் பிடித்துக் கட்டி ரத்தம் எடுக்கும் தொல்லை முதல் கட்டத்தில் இல்லை.

குறைகளும் உண்டு. மடிநோய் கண்ட மாட்டின் பாலும் சீம்பாலும் பொய்யாக நீல வளையம் காட்டக்கூடும். அண்மையில் தடுப்பூசி போட்ட மாடும் அப்படியே. பெரிய மந்தையின் பாலில் ஒரே ஒரு நோயுற்ற மாட்டின் பால் நீர்த்துப்போய்ச் சோதனைக்குச் சிக்காமல் தப்பலாம். எனவே, இது தீர்ப்பு சொல்லும் சோதனை அல்ல. எங்கே தேட வேண்டும் என்று விரல் நீட்டும் சோதனை. சந்தேகம் எழுந்த இடத்தில் தனித்தனி மாட்டின் பாலையும் ரத்தத்தையும் எலைசா முறையில் சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு இருமுறை என்று திரும்பத் திரும்பச் செய்தால் முதல் முறை தப்பியதும் பிறகு சிக்கும். மேலை நாடுகள் பல தங்கள் மந்தைகளில் நோயைத் தேடிப் பிடித்தது இந்த வழியில்தான்.

இந்தியா 2023-24-இல் 23.93 கோடி டன் பாலை உற்பத்தி செய்தது. உலகப் பாலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கூட்டுறவுச் சங்கங்களில் காலையும் மாலையும் ஒவ்வொரு உறுப்பினரின் பாலும் தனித்தனியே அளக்கப்படுகிறது. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பற்ற திடப்பொருள் எவ்வளவு என்று கருவி சொல்கிறது, அதன்படி காசு. ஒரு நாளில் இரண்டு முறை நாட்டின் மாடுகளெல்லாம் வரிசையில் வந்து தங்கள் உடல்நிலையைச் சொல்லிவிட்டுப் போவதற்கு ஒப்பான ஏற்பாடு இது. ஆனால், அவற்றிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: எவ்வளவு கொழுப்பு?

தலைநகரில் பால் பற்றிப் பேச்சு எழாமல் இல்லை. எழும்போதெல்லாம் அது கலப்படம் பற்றியதாகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2011-இல் 1,791 மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் 68.4 விழுக்காடு தரவரையறைக்குள் இல்லை என்று சொன்னபோது நாடே கொதித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் பால் கலப்படத்துக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆணையம் 2018-இல் 6,432 மாதிரிகளைச் சோதித்தது. கலப்படப் பொருள்கள், ஆன்ட்டிபயாட்டிக் மருந்து எச்சம், பூச்சிக்கொல்லி எச்சம், அஃப்லடாக்சின் நஞ்சு எல்லாம் பார்க்கப்பட்டன. கறந்த மாட்டின் நோய் பற்றிய கேள்வி அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் குப்பைமேடுகளை ஒட்டிய காசிப்பூர், பல்ஸ்வா பால் பண்ணைகளை இடம் மாற்றுவது குறித்துக் கடுமையாகப் பேசியது. மாடு குப்பையைத் தின்கிறது, ஆக்சிடோசின் ஊசி போடப்படுகிறது என்பதெல்லாம் விவாதத்துக்கு வந்தன. நல்லதே. ஆயினும், கலப்படம் செய்பவன் வெளியே இருக்கும் குற்றவாளி. அவனைத் திட்டுவது அரசியலில் யாருக்கும் சிரமமில்லை. நோய், வாக்களிக்கும் கோடிக்கணக்கான மாட்டுக்காரர்களின் கொட்டிலுக்குள் இருக்கிறது.

சிக்கலின் முடிச்சு இங்கேதான். பாலில் நோய் என்று தெரிந்தபின் என்ன செய்வது? மற்ற நாடுகள் அந்த மாட்டைக் கொன்று, உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தன. அமெரிக்கா 1934 முதல் இதைச் செய்தது. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் பசுவைக் கொல்லச் சட்டம் இடம்தராது. அரசமைப்புச் சட்டத்தின் 48-ஆவது பிரிவும் பசுக்களையும் கறவை மாடுகளையும் கொல்வதைத் தடுக்க அரசுக்கு நெறி காட்டுகிறது. இறைச்சிக்காகக் கால்நடைச் சந்தையில் விற்பதற்குத் தடை விதித்து 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் விரித்ததும் தமிழ் வாசகர்கள் அறிந்தவையே. அந்த வழக்கின் நியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பசுவைக் கொல்வதா, கூடாதா என்ற விவாதத்தில் இங்கே இறங்க வேண்டியதுமில்லை. கொல்லக் கூடாது என்று முடிவெடுத்த ஓர் அரசு, நோயுற்ற பசுவை வைத்துக் காப்பாற்றும் செலவு யாருடையது என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. அந்த விடை இதுவரை வரவில்லை.

விடை இல்லாத நிலையில் நடப்பது என்ன? எழுபது, எண்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி ஒரு கலப்பினப் பசு வாங்கிய குடும்பத்திடம், உன் மாட்டுக்கு நோய் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு அரசு போய்விட்டால், அடுத்த வாரமே அந்த மாடு சந்தையில் நிற்கும். தரகர் கைமாறி, வேறு மாவட்டத்தில், வேறோர் ஏழையின் கொட்டிலில் போய் நோயை இறக்கும். விற்க முடியாவிட்டால் இரவோடு இரவாக அவிழ்த்துவிடப்படும். உத்தரப் பிரதேசத்தின் வயல்களில் திரியும் மாடுகளின் கூட்டத்தில் இன்னொன்று சேரும். அல்லது கோசாலைக்குள் நுழைந்து அங்கே நூறு மாடுகளுக்கு நடுவே கன்று ஈனும். இப்படிப்பட்ட சோதனை நோயைக் கண்டுபிடிக்காது. ஊர் ஊராக அனுப்பிவைக்கும். மாட்டுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்வார்கள்.

இந்த நோயின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்த மால்டா தீவில் வீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-இல் கண்டுபிடித்தவர் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர். கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் பிடித்தன. மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டாக்ளிஸ் ஸாமித் 1905-இல் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது உண்மை வெளிவந்தது. நல்ல நிலையில் இருந்த ஆடுகளின் பாலில் கிருமி இருந்தது. 1906-இல் படை முகாம்களில் ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. வீரர்களிடையே காய்ச்சல் விரைவில் அடங்கியது. ஆனால், ஆடுகள் அப்படியே இருந்தன; தீவின் மக்களும் அவற்றின் பாலைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே பாலைப் பதப்படுத்தும் ஏற்பாடு 1938-இல்தான் வந்தது. வாங்குபவர் வாங்குவதை நிறுத்திக்கொண்டார். வளர்ப்பவருக்கு ஒரு வழியும் காட்டவில்லை. வாங்குவோரின் நலத்துக்கும் வளர்ப்போரின் நலத்துக்கும் இடையில் 32 ஆண்டு இடைவெளி விழுந்தது.

பறவைக் காய்ச்சல் வந்தால் கொல்லப்படும் கோழிக்கு மத்திய, மாநில அரசுகள் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து இழப்பீடு தருகின்றன. பண்ணைக்காரர் முன்வந்து தகவல் சொல்வதற்கு அதுவே காரணம். நோய்க்கிருமியைச் சுமந்து நிற்கும் பசுவுக்கு, அத்தகைய உறுதி கிராமத்து மாட்டுக்காரர் அறியும்படி எதுவும் இல்லை. கால்நடைக் காப்பீட்டில் பயனாளியின் பங்கை 2024-இல் 15 விழுக்காடாக மத்திய அரசு குறைத்தது வரவேற்கத்தக்கது. ஆனால், காப்பீடு பொதுவாக இறந்த மாட்டுக்குத்தான் பேசும். உயிரோடு நின்று நோய் பரப்பும் மாட்டைப் பற்றிப் பேசாது. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் நோயை அறிவிக்கும் கடமையை உரிமையாளர் தலையில் வைக்கிறது. கடமை மட்டும் இருந்து கைகொடுப்பார் இல்லையென்றால் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

செலவுக்கு அஞ்சினால் இழப்பையும் கணக்கிட வேண்டும். கன்று வீச்சு நோயால் இந்தியக் கால்நடைச் செல்வத்துக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 340 கோடி டாலர் என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பகுதி பசு, எருமைகளால் நேரும் இழப்பு. மனிதரின் மருத்துவச் செலவும் வேலை இழப்பும் இதில் சேராது.

செய்யக்கூடியதைப் பற்றிப் பேசுவோர் முதலில் ஒன்றை ஏற்க வேண்டும். நோய் காட்டும் பால் இன்றும் சங்கத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, தெரியாமல் வருகிறது. அது பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது. அங்கே கிருமி சாகிறது. எனவே, சோதனையில் சிக்கிய வீட்டின் பாலை மறுநாளே திருப்பி அனுப்பி அந்தக் குடும்பத்தின் அடுப்பை அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. பாலை மாவட்ட ஒன்றியம் தொடர்ந்து வாங்கட்டும். மாட்டை அரசு வாங்கட்டும். சந்தை விலைக்கு ஒட்டிய தொகையை ஒரு மாதத்துக்குள் கையில் கொடுத்துவிட்டு, கொல்லச் சட்டம் இடம்தராத மாநிலத்தில் அந்த மாடுகளை மட்டும் வைத்துப் பேணும் தனிக் கொட்டில்களை மாவட்டந்தோறும் அமைக்க வேண்டும். சினைப்படுத்தாமல், மற்ற மாடுகளோடு கலக்காமல் அவை அங்கே வாழ்ந்து முடியட்டும். பசுவைக் காப்பது கொள்கை என்றால் அதன் செலவு இதுதான். கொள்கையின் பெருமை அரசுக்கு, செலவு மாட்டுக்காரருக்கு என்பது நேர்மையான பங்கீடு அல்ல. சோதனை முடிவு எந்த வீட்டைக் காட்டுகிறதோ, அந்த வீட்டின் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்பட வேண்டும். இதற்குக் கால்நடை அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் ஒரே பதிவேட்டைப் பார்க்க வேண்டும். குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் தேசியப் பால்வள வாரியம், கரம்சத் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து இத்தகைய முயற்சியைச் செய்துகாட்டியிருக்கிறது. மாடும் மனிதரும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று ஒரு மாவட்டத்தில் ஏற்க முடிந்ததை மற்ற மாவட்டங்களிலும் ஏற்கலாம்.

தடுப்பூசி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஸ்ட்ரெயின் 19 ஊசியை நான்கு முதல் எட்டு மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை போடுகிறார்கள். ஆண்டுக்கு 3.6 கோடி கன்றுகள் என்பது இலக்கு. அந்த நான்கு மாத இடைவெளியைத் தவறவிட்டால் அந்தக் கன்று திட்டத்துக்கு வெளியே போய்விடும். ஊசி கன்று வீச்சைக் குறைக்கும். ஆனால் முழுக் காப்பு அல்ல. ஏற்கெனவே நோய் கொண்ட மாட்டுக்கு அது மருந்தும் அல்ல. எங்கே நோய் அதிகம் என்று பாலைச் சோதித்து அறிந்தால், கையில் இருக்கும் ஊசியையும் ஊழியரையும் முதலில் எங்கே அனுப்புவது என்று தெரியும். வெக்கை நோயை ஒழித்ததும் இந்த நாடுதான். ஊசியை நிறுத்திவிட்டு, எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்று கிராமம் கிராமமாகத் தேடிய பிறகே 2006-இல் அந்தப் பெயர் கிடைத்தது.

வெள்ளாடு பற்றி யாரும் பேசுவதில்லை. ஆடுகளில் பரவும் மெலிடென்சிஸ் வகைக் கிருமி மனிதருக்கு மாட்டுக் கிருமியைவிடக் கொடியது. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.88 கோடி வெள்ளாடுகள் உள்ளன. மத்தியத் திட்டத்தின் இந்த ஊசி மாட்டுக்கும் எருமைக்கும் மட்டுமே. பால் வளையச் சோதனையும் ஆட்டுப்பாலில் சரிவர வேலை செய்யாது. ரத்தச் சோதனைதான் வழி. டெங்கு பரவும் காலங்களில் தில்லியில் ஆட்டுப்பாலுக்கு மருத்துவ குணம் இருப்பதாக எண்ணிப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவோர் கூட்டம் பெருகும்; காய்ச்சாமலேயே குடிப்போரும் உண்டு. ஒரு காய்ச்சலுக்கு மருந்து என்று இன்னொரு காய்ச்சலை வாங்கி வருவது இது.

2024 டிசம்பரில் முறைப்படி தொடங்கப்பட்ட இரண்டாம் வெண்மைப் புரட்சித் திட்டத்தின்கீழ் 75,000 புதிய பால் கூட்டுறவுச் சங்கங்களை அமைக்கக் கூட்டுறவு அமைச்சகம் முனைந்துள்ளது. அச்சங்கங்களுக்குப் பால் சேகரிக்கும் கருவிகளும் குளிரூட்டும் கலன்களும் வாங்கப்படும். ஒவ்வொரு குளிரூட்டும் நிலையத்திலும் ஆண்டுக்கு இருமுறை மாதிரி எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒரு வரியையும், சிக்கும் மாட்டுக்கு இழப்பீட்டு நிதி என்ற இன்னொரு வரியையும் அந்த ஒதுக்கீட்டில் சேர்க்க, சங்கங்கள் அமைந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.